ராஜாஜி ஹால் படிக்கட்டு யாருக்கு?

சென்னையில் பெரிய தலைவர் யாராவது ஆஸ்பத்திரியில் மோசமா இருக்கார்னு செய்தி கசிஞ்சா ஊருக்குள்ள மூணு விஷயம் வரிசையா நடக்கும். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவாங்க. பெட்ரோல் பங்க்ல வண்டி சேரும். அப்புறம் எங்கிருந்தோ ஒருத்தர் வந்து, "ராஜாஜி ஹாலைக் கூட்டிப் பெருக்க ஆரம்பிச்சுட்டாங்களாம் சார்" என்பார். அதுக்கு மேல டாக்டர் என்ன அறிக்கை விட்டாலும் யாரும் நம்ப மாட்டாங்க. துடைப்பம் எடுத்தாச்சுன்னா கதை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

இப்படி ஒரு கட்டிடம் இந்தியாவில் வேறெங்கும் இருக்குமான்னு தெரியலை. அது போகட்டும். நான் சொல்ல வந்தது வேற. ஒவ்வொரு தடவையும் சாவு முடிஞ்சு பத்து நாள் கழிச்சு ஒரு கூட்டம் கிளம்பும். "200 வருஷத்துக் கட்டிடம், எவ்வளவு அழகான தூண்கள், இதைப் போய் பிணம் வைக்கிற இடமா ஆக்கிட்டாங்களே, அரசியல்வாதிகள் கையில சிக்கி சின்னாபின்னமாகுதே"ன்னு புலம்புவாங்க. பாரம்பரியக் கட்டிடப் பிரியர்கள். நல்ல மனுஷங்கதான், நானும் அவங்க நடத்துற நடைப்பயணத்துல ஒண்ணு ரெண்டு தடவை போயிருக்கேன். ஆனா இந்த ஒரு விஷயத்துல அவங்க சொல்றது சுத்த அபத்தம். ராஜாஜி ஹாலுக்குக் கிடைச்சதிலேயே மரியாதையான வேலை இந்தத் துக்க வேலைதான். அந்த வேலையை ஒழுங்கா, நியாயமா செய்யாததுதான் பிரச்சினை.

முதல்ல அந்தக் கட்டிடத்தோட ஜாதகத்தைப் பார்ப்போம். பிளாசி புகழ் ராபர்ட் கிளைவோட மகன் எட்வர்ட் கிளைவ் 1798-லிருந்து 1803 வரைக்கும் இங்கே கவர்னர். அவர் காலத்துல கட்டினது இது. பேரு பாங்க்வெட்டிங் ஹால், அதாவது விருந்து மண்டபம். எதுக்கு விருந்து? 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் செத்து விழுந்தாரே, அந்த வெற்றிக்கு நினைவா. முகப்புல ஒரு பக்கம் பிளாசி வெற்றி, இன்னொரு பக்கம் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றி. அப்பாவுக்கு ஒரு பக்கம், தனக்கு ஒரு பக்கம்னு பங்கு போட்டுக்கிட்டார் மகன் கிளைவ்.

இதுல நம்ம ஆளுங்க கவனிக்காம விடுற ஒரு தேதிக் கணக்கு இருக்கு. கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்கில் போட்டது 1799 அக்டோபர் 16. மறு வருஷம் இந்த மண்டபத்துக்கு வேலை ஆரம்பம். மருது சகோதரர்களைத் திருப்பத்தூர்ல தூக்கில் போட்டது 1801 அக்டோபர் 24. அடுத்த வருஷம், 1802 அக்டோபர் 7-ஆம் தேதி, மண்டபத்தைத் திறந்து பெரிய நடன விருந்து. அதே கவர்னர்தான். தெற்கே பாளையக்காரர்களோட ஒப்பாரி ஓயலை, இங்கே மதராஸ்ல துரைமாரும் துரைசானிகளும் கைகோத்து ஆடுறாங்க. சாவைக் கொண்டாடுறதுக்குன்னே கட்டின மண்டபம் சார் இது. அதுல இன்னிக்கு ஒரு மனுஷன் சாவுக்கு நாலு பேர் அழுதா கட்டிடத்தோட புனிதம் கெட்டுடுமா?

(கட்டிடத்தை வடிவமைச்சவர் ஜான் கோல்டிங்ஹாம். கம்பெனியோட வானியல் நிபுணர் அவர், நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகத்துல நட்சத்திரம் பார்த்துக்கிட்டிருந்தவர். 'மதராஸ் நேரம்'னு ஒண்ணு இருந்ததே, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 வினாடி முன்னாடி, அதைக் கணக்குப் போட்டுக் கொடுத்ததும் இவரேதான், அதுவும் 1802-லதான். ஒரே வருஷத்துல ஊருக்கு ஒரு நேரமும் கொடுத்தார், நேரம் போக்க ஒரு மண்டபமும் கொடுத்தார். :-))

அதுக்கப்புறம் அந்த ஹால்ல விருந்து தவிர வேற நல்ல காரியங்களும் நடந்திருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு செனட் ஹவுஸ் கட்டி முடிக்கிற வரைக்கும், அதாவது 1879 வரைக்கும், பட்டமளிப்பு விழா இங்கேதான். 1938 ஜனவரி 27-லிருந்து 1939 அக்டோபர் 26 வரைக்கும் மதராஸ் சட்டமன்றமே இங்கேதான் கூடுச்சு. அப்போ பிரதம மந்திரி (மாகாண முதல்வரை அப்படித்தான் சொல்வாங்க) யாரு? ராஜாஜி. இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிஞ்சதும், கோயில் நுழைவுச் சட்டம் வந்ததும், இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்ததும் அந்த ரெண்டு வருஷத்துலதான். அவர் பேரை 1948-ல இதுக்கு வெச்சாங்க. சேலத்துல மதுவிலக்கு கொண்டு வந்த மனுஷன் பேரை, துரைமார் கோப்பையை உயர்த்திய மண்டபத்துக்கு வெச்ச புண்ணியவான் யாரோ, அவருக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி.

சரி, மேட்டருக்கு வருவோம். அண்ணா, 1969 பிப்ரவரி. ராஜாஜி, 1972 டிசம்பர் 25. பெரியார், 1973 டிசம்பர் 24. காமராஜர், 1975 அக்டோபர் 2. எம்.ஜி.ஆர், 1987 டிசம்பர் 24. ஜெயலலிதா, 2016 டிசம்பர் 5. கலைஞர், 2018 ஆகஸ்ட் 7. இவங்க அத்தனை பேரையும் மக்கள் கடைசியா பார்த்தது இந்த ஹால்லதான்.

இந்தப் பட்டியலைச் சும்மா தேதியா படிக்காம கொஞ்சம் நிதானமா பாருங்க. ராஜாஜியும் பெரியாரும் வாழ்நாள் பூரா எதிரெதிர்க் கட்சி, வாழ்நாள் பூரா நண்பர்கள். ராஜாஜியோட இறுதிச் சடங்குக்கு சக்கர நாற்காலியில வந்து பெரியார் குலுங்கிக் குலுங்கி அழுதார். சரியா ஒரு வருஷம், ஒரு நாள் குறைச்சல், அவரையே ராஜாஜி பேர் போட்ட ஹால்ல கிடத்தினாங்க. அடுத்து காமராஜர். காங்கிரசுக்குள்ள ராஜாஜியும் காமராஜரும் முட்டிக்கிட்டது ஊரறிஞ்ச கதை. அவருக்கும் இதே ஹால்.

இன்னொண்ணு. 1972, 73, 75 மூணு சாவுக்கும் முதல்வர் கலைஞர். 71 தேர்தல்ல ராஜாஜி அவருக்கு எதிரணி. காமராஜரும் எதிரணி. பெரியாரோ எந்த மந்திரி பதவியிலும் உட்காராதவர். மூணு பேருக்கும் அரசு மரியாதை, மூணு பேருக்கும் ராஜாஜி ஹால். யாரும் கோர்ட்டுக்குப் போகலை. கலைஞர்கிட்ட ஆயிரம் குறை சொல்லலாம், நானும் சொல்லியிருக்கேன், ஆனா இந்த விஷயத்துல அந்த மனுஷன் பெருந்தன்மையா நடந்துக்கிட்டார்.

அதே கலைஞர் செத்தப்போ என்னாச்சு? ஹால் கிடைச்சுது. மெரினா கிடைக்கலை. கடற்கரையில இடம் தர முடியாது, கிண்டியில காந்தி மண்டபம் பக்கத்துல 2 ஏக்கர் தர்றோம்னு அரசு சொல்லிச்சு. ராத்திரியோட ராத்திரியா ஹைகோர்ட்ல வழக்கு. காலையில உடம்பு ராஜாஜி ஹால்ல, தீர்ப்பு கோர்ட்ல. எங்கே புதைக்கப் போறோம்னு தெரியாமலே அவ்வளவு பெரிய கூட்டம் அஞ்சலி செலுத்திக்கிட்டிருந்தது. தீர்ப்பு வந்ததும் ஸ்டாலின் உடைஞ்சு அழுததை டிவியில பார்த்திருப்பீங்க. எந்தக் கட்சிக்காரனா இருந்தாலும் அந்தக் காட்சி மனசைப் பிசையும்.

இதுல என் ஆத்திரம் அன்னிக்கு இருந்த ஆட்சி மேல மட்டும் இல்லை. யாருக்கு ஹால், யாருக்குக் கடற்கரை, யாருக்கு கிண்டி, யாருக்கு ஒண்ணுமே இல்லைங்கறது எல்லாம் அந்தந்த நேரத்து முதல்வரோட மனசைப் பொறுத்ததுன்னு விட்டு வெச்சிருக்கோமே, அதுமேல. பெருந்தன்மை இருக்கிறவர் நாற்காலியில இருந்தா கிடைக்கும். இல்லாதவர் இருந்தா வக்கீலைப் பிடிக்கணும். செத்தவரோட பிள்ளைங்க அழுவாங்களா, மனு போடுவாங்களா?

அதோட, பட்டியல்ல அரசியல்வாதிங்க மட்டும்தானே இருக்காங்க? 2004-ல எம்.எஸ். சுப்புலட்சுமி போனாங்க. பாரத ரத்னா. 2015-ல ஜெயகாந்தன். 2023 செப்டம்பர்ல எம்.எஸ். சுவாமிநாதன், நாம திங்கிற சோத்துல பங்கு உள்ள மனுஷன், உடம்பை தரமணியில அவரோட ஆராய்ச்சி நிறுவனத்துல வெச்சிருந்தாங்க. அதே வருஷம் நவம்பர்ல சங்கரய்யா, 102 வயசு, வெள்ளைக்காரன் ஜெயில்லயும் இருந்தவர், நம்ம ஜெயில்லயும் இருந்தவர். கட்சி ஆபீஸ்ல வெச்சிருந்தாங்க. அரசு மரியாதை எல்லாம் கொடுத்தாங்கதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா பேண்டு, குண்டு முழக்கம் வேற. ஊரே வந்து நின்னு பார்க்கிற ஒரு பொது இடம் வேற.

அமெரிக்காக்காரனை எல்லாத்துக்கும் உதாரணம் காட்டுறது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் ஒண்ணு சொல்லியாகணும். வாஷிங்டன்ல நாடாளுமன்றக் கட்டிடத்தோட குவிமாடத்துக்குக் கீழே லிங்கனை 1865-ல கிடத்தினாங்க. அதே இடத்துல 2005 அக்டோபர்ல ரோசா பார்க்ஸ்ங்கற அம்மாவைக் கிடத்தினாங்க. தையல் வேலை பார்த்தவங்க. பஸ்ல வெள்ளைக்காரனுக்கு சீட்டை விட்டுத் தர மாட்டேன்னு உட்கார்ந்தவங்க. எந்தப் பதவியும் வகிச்சதில்லை. அங்கே அந்த மரியாதை கிடைச்ச முதல் பெண்மணி அவங்கதான். நம்மகிட்டயும் அப்படி ஒரு முன்னுதாரணம் 1973-லயே இருக்கு, பெரியார்னு. அதைத் தொடராம விட்டுட்டோம்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். படிக்கட்டு.

ராஜாஜி ஹால்னா நம்ம கண்ணுல நிக்கிறது அந்த அகலமான உயரப் படிக்கட்டுதான். எத்தனை சினிமாவுல கோர்ட்டுன்னு அதைக் காட்டியிருக்காங்க! 2016-லயும் 2018-லயும் உடம்பை வெச்சது ஹாலுக்குள்ள இல்லை, அந்தப் படிக்கட்டுலதான். காரணம் புரியுது. உயரமா இருக்கும், தூரத்துலேருந்து தெரியும், கேமராவுக்கு வசதி, மெரினாவும் பக்கம். ஆனா டிவியில பார்த்தவங்க ஒரு விஷயத்தைக் கவனிச்சிருப்பீங்க. செத்தவரைச் சுத்தி படிக்கட்டு பூரா நின்னது யாரு? மந்திரிங்க, எம்.எல்.ஏ.ங்க, சொந்தக்காரங்க, சினிமாக்காரங்க. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நகரவே இல்லை. ஜனங்க எங்கே? கீழே, தடுப்புக்கு அந்தப் பக்கம், தள்ளுமுள்ளுல, ஒரு செகண்ட் தலையைத் தூக்கிப் பார்த்துட்டு "நகரு நகரு".

இந்த ஊரு படிக்கட்டைப் பார்த்தே அடுத்த ஆட்சியைக் கணிச்ச ஊரு. 1987-ல எம்.ஜி.ஆர் தலைமாட்டுல ரெண்டு நாளா மணிக்கணக்குல அசையாம நின்னாங்க ஜெயலலிதா. கடைசியில பீரங்கி வண்டியிலேருந்து அவங்களைத் தள்ளிவிட்டாங்க. அதுக்கான பதில் 1991 தேர்தல்ல வந்துச்சு. 2016-ல ஜெயலலிதா தலைமாட்டுல சசிகலா. ரெண்டே மாசம், 2017 பிப்ரவரி 5-ஆம் தேதி, எம்.எல்.ஏ.க்கள் அவங்களைச் சட்டமன்றக் கட்சித் தலைவராத் தேர்ந்தெடுத்தாங்க. (பத்தே நாள்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது தனிக்கதை.) யாரோட துக்கம் உண்மை, யாரோடது நடிப்புன்னு நான் தராசு தூக்க வரலை. துக்கம் உண்மையாவே இருக்கட்டும். ஆனா பொது இடத்துல, பொதுச் செலவுல நடக்கிற அஞ்சலியில, செத்தவர் பக்கத்துல நிக்கிறது ஒரு பதவி மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பதவிக்காரங்களுக்காக லட்சம் பேரு வெயில்ல நிக்கிறாங்க.

எனக்கு ஒரு சித்தி. விழுப்புரம் பக்கம். எந்தத் தலைவர்னு கேட்காதீங்க, கட்சிச் சண்டை ஆயிடும். செய்தி கேட்டு அடிச்சுப் புரண்டு கிளம்பி, பஸ் நின்னுபோய், லாரியில தொத்திக்கிட்டு, செங்கல்பட்டுல இறங்கி, எப்படியோ வந்து சேர்ந்தாங்க. ஆறு மணி நேரம் நின்னாங்க. "என்ன சித்தி பார்த்தீங்க?"ன்னு கேட்டேன். "கொடியப் பார்த்தம்ப்பா. கொடி போர்த்தியிருந்துச்சு. மூஞ்சியப் பார்க்கறதுக்குள்ள யாரோ பெரிய ஆளு வந்தாருன்னு மறைச்சுட்டாங்க" அப்படின்னாங்க. கோபமே இல்லை அவங்க குரல்ல. அந்தப் பெரிய ஆளு வந்தா மறைக்கிறதுதான் முறைன்னு நினைச்சுக்கிட்டாங்க போல. எனக்குத்தான் கோபம்.

"கூட்டம் அப்படி சார், என்ன பண்ண முடியும்"பாங்க. கணக்குப் போடுவோமா? கலைஞரோட உடம்பு ராஜாஜி ஹால்ல இருந்தது ஒரே ஒரு பகல். சுமாரா 10 மணி நேரம்னு வெச்சுக்குங்க. 36,000 வினாடி. ஒரு வினாடிக்கு ஒரு ஆள், தடங்கலே இல்லாம, ஒரு மந்திரிகூட குறுக்கே வராம கடந்து போனாலும் 36,000 பேர்தான் பார்க்க முடியும். ரெண்டு வரிசைன்னா 72,000. வந்த கூட்டம் லட்சக்கணக்குல. அப்போ முக்கால்வாசிப் பேர் பார்க்க முடியாதுன்னு அன்னிக்குக் காலையிலேயே தெரியும். தெரிஞ்சும் உள்ளே விட்டா என்ன ஆகும்? பின்னாடி இருக்கிறவனுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாது. வி.ஐ.பி. கார் வந்ததும் வரிசையை நிறுத்துவாங்க. நிறுத்தினது பின்னாடி இருக்கிறவனுக்குத் தெரியாது, அவன் தள்ளிக்கிட்டே இருப்பான். நடுவுல இருக்கிறவன் நசுங்குவான். 2018 ஆகஸ்ட் 8-ஆம் தேதி தடுப்பு உடைஞ்சு, நெரிசல்ல குறைஞ்சது 2 பேர் செத்தாங்க, 30 பேருக்கு மேல காயம். தலைவரைப் பார்க்க வந்தவங்க சார். துக்கம் விசாரிக்க வந்த வீட்டுல செத்துப்போனா அந்த வீட்டுக்காரங்க பதில் சொல்ல வேண்டாமா? இந்தத் துக்கத்துக்கு அரசாங்கம்தானே வீட்டுக்காரர்?

இது புதுசும் இல்லை. 1969-லயே அண்ணாவைப் பார்க்க ரயில் கூரை மேல ஏறி வந்த ஜனங்க கொள்ளிடம் பாலத்துல அடிபட்டுச் செத்தாங்க. அப்போ ஆரம்பிச்சு அரை நூற்றாண்டு ஆச்சு, கத்துக்கிட்டது என்ன? 2025 செப்டம்பர் 27-ஆம் தேதி கரூர்ல ஒரு அரசியல் கூட்டத்துல 41 பேர் நசுங்கிச் செத்தப்புறம்தான் கூட்டத்துக்கு விதிமுறைன்னு எல்லாரும் பேச ஆரம்பிச்சாங்க. பொதுக்கூட்டத்துக்காவது ஒரு வாரம் முன்னாடி தேதி தெரியும். சாவு சொல்லிட்டா வருது? அதுக்குத்தானே முன்கூட்டியே விதி எழுதி வைக்கணும்?

"நம்ம ஜனத்துக்கு வரிசையில நிக்கத் தெரியாது"ன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க பாருங்க, அவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். ரேஷன் கடையில யார் நிக்கிறா? ஓட்டுச்சாவடியில யார் நிக்கிறா? 2020 மே மாசம் டாஸ்மாக் திறந்த அன்னிக்கு வட்டம் போட்டு வெச்ச இடத்துல எவ்வளவு ஒழுக்கமா நின்னாங்க நம்ம குடிமக்கள்! :-) 2019-ல காஞ்சிபுரத்துல அத்திவரதரைப் பார்க்க 48 நாள்ல ஒரு கோடிப் பேர் வந்தாங்க. அங்கேயும் ஒரு நாள் நெரிசல்ல 4 பேர் செத்தாங்க, மறைக்க வேண்டியதில்லை. அங்கேயும் புகார் என்னன்னு ஞாபகம் இருக்கா? வி.ஐ.பி. பாஸ். நம்ம ஜனம் வரிசையை உடைக்கிறதில்லை. வரிசைக்கு வெளியே இருந்து வர்றவன்தான் உடைக்கிறான்.

2022-ல லண்டன்ல எலிசபெத் ராணி செத்தப்போ வெஸ்ட்மின்ஸ்டர் ஹால்ல வெச்சாங்க. அந்த ஹால் 1097-லேருந்து இருக்கு. நம்ம ராஜாஜி ஹால் அதுக்குக் கொள்ளுப்பேத்தி வயசுகூட இல்லை. 1649-ல சார்லஸ் ராஜாவை விசாரிச்சு மரண தண்டனை கொடுத்ததும் அங்கேதான், பிற்காலத்து ராஜாக்களைக் கிடத்தினதும் அங்கேதான். 1965-ல சர்ச்சிலைப் பார்க்க 3 லட்சத்துக்கு மேல வந்தாங்க. அந்த ஊர்ல யாரும் "ஐயோ பாரம்பரியக் கட்டிடத்துல பிணமா"ன்னு மூக்கைப் பொத்தலை. ராணிக்கு செப்டம்பர் 14 சாயங்காலத்திலேருந்து 19 காலை வரைக்கும், ராத்திரி பகலா திறந்தே வெச்சாங்க. சுமாரா 2.5 லட்சம் பேர் பார்த்தாங்க. வினாடிக்கு ஒரு ஆள்கூட இல்லை, கணக்குப் போட்டுப் பாருங்க. கூட்டம் சுருங்கலை, நேரத்தை நீட்டினாங்க. கையில பட்டை கட்டி விட்டாங்க, ஆத்தங்கரையோரமா மைல் கணக்குல வரிசை. டேவிட் பெக்காம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல அந்த வரிசையில நின்னுதான் பார்த்தார். எல்லாரும் அங்கே யோக்கியன்னு சொல்லலை. எம்.பி.க்கள் வரிசை இல்லாம போனாங்க, ஆளோட ஆள் கூட்டிட்டும் போனாங்க, அதுக்காக ஊரே காறித் துப்பிச்சு. நான் கவனிச்சது வேற. பெத்த பிள்ளைங்க நாலு பேரும், அதுல ஒருத்தர் ராஜாவே, சவப்பெட்டியைச் சுத்தி நின்னது கால் மணி நேரம்கூட இருக்காது. அதுவும் ஜனங்க பக்கத்துல நகர்ந்துக்கிட்டிருக்கும்போதே. அப்புறம் போயிட்டாங்க. மீதி நேரம் பூரா ஜனங்களுக்கு.

வெள்ளைக்காரன்கிட்ட கட்டிடத்தை வாங்கிக்கிட்டோம், இதையும் வாங்கியிருக்கலாம்.

"நம்ம வழக்கம் வேற, பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்"னு அடுத்த வாதம் வரும். அண்ணாவை மறுநாள்தான் எடுத்தாங்க. எம்.ஜி.ஆரை மறுநாள்தான் எடுத்தாங்க. பதப்படுத்துற வசதி இல்லாத காலமா இது? ஜெயலலிதா செத்தது ராத்திரி 11.30. மறுநாள் சாயங்காலம் 6 மணிக்கெல்லாம் மண்ணுக்குள்ள. ஒரு நாள்கூட முழுசா ஆகலை. கன்னியாகுமரியிலிருந்து ஒருத்தர் செய்தி கேட்டுக் கிளம்பினா பஸ் ஓடினாலே வந்து சேர ராத்திரி பூரா ஆகும். அன்னிக்கு பஸ்ஸே ஓடாது. அப்போ இந்த அஞ்சலி யாருக்காக? தேசிய துக்கம்னு மத்திய அரசும், ஏழு நாள் துக்கம்னு மாநில அரசும் அறிவிக்குது, கொடியை அரைக் கம்பத்துல இறக்குது. ஏழு நாள் துக்கத்துல ஜனங்களுக்கு உடம்பைப் பார்க்கக் கிடைக்கிறது பத்து மணி நேரம். மீதி ஆறரை நாள் யார் துக்கம் கொண்டாடுறா, கொடிக்கம்பமா?

அதனால நான் கேக்கறது இதுதான். யாருக்கு ராஜாஜி ஹால்ங்கறதை எழுத்துல போடுங்க. பதவியில இருந்தவங்களுக்கு இன்ன விதி, இல்லாதவங்களுக்கு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, வெளியாட்கள் சேர்ந்த ஒரு குழு முடிவு பண்ணட்டும். சட்டமன்றத்துல வெச்சு நிறைவேத்துங்க, ராத்திரி கோர்ட் கதவைத் தட்டுற அசிங்கம் வேண்டாம். குறைஞ்சது ரெண்டு பகல், ஒரு ராத்திரி திறந்து வையுங்க. படிக்கட்டு ஜனங்களோடது. குடும்பத்துக்கு ஒரு பக்கம் நாற்காலி போடுங்க, அவங்க துக்கம் பெரிசு, மறுக்கலை. மந்திரி, எம்.எல்.ஏ., நடிகர் யாரா இருந்தாலும் மாலை போட்டமா, போனோமான்னு இருக்கணும். வி.ஐ.பி.க்கு தனி நேரம், தனி வாசல். அவங்களுக்காக ஒரு நிமிஷம்கூட வரிசை நிக்கக் கூடாது. உள்ளே வழியா விடுறதா, படிக்கட்டு வழியாவே விடுறதா, கட்டிடம் எவ்வளவு பாரம் தாங்கும்ங்கறதைப் பொதுப்பணித்துறை இன்ஜினியர் சொல்லட்டும். ஏறுற வழியும் இறங்குற வழியும் வேற வேறயா இருக்கணும், அவ்வளவுதான். மெட்ரோவுல 'அரசினர் தோட்டம்'னு ஸ்டேஷனே 2019-லேருந்து வாசல்ல இருக்கு. வரிசையை எங்கே ஆரம்பிக்கிறதுன்னு யோசிக்கவும் வேண்டாம்.

பாரம்பரியப் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்துல இருந்த கவர்னர் மாளிகையைப் புதுத் தலைமைச் செயலகத்துக்காக இடிச்சாங்க. 2010 மார்ச்ல திறந்த அந்தத் தலைமைச் செயலகம் 2014-ல ஆஸ்பத்திரியாச்சு. கலைவாணர் அரங்கத்தை இடிச்சுக் கட்டினாங்க. அந்தத் தோட்டத்துல என்னென்னவோ முளைச்சுது, காணாமப் போச்சு. ராஜாஜி ஹால் மேல மட்டும் யாரும் கை வைக்கலை. ஏன்னு யோசிங்க. தூண் அழகா இருக்குங்கறதுக்காகவா? அண்ணாவைக் கிடத்தின இடம், எம்.ஜி.ஆரைக் கிடத்தின இடம்னு ஜனங்க மனசுல பதிஞ்சு போச்சு. அதை இடிக்க எந்த ஆட்சிக்கும் தைரியம் வராது. உங்க அழகான கட்டிடத்தைக் காப்பாத்தினது லாரியில வந்த எங்க சித்தி மாதிரி ஆளுங்கதான்.

முகப்புல பிளாசி இருக்கு, ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கு. கீழே ஒரு சின்னப் பலகை வெச்சு, இங்கே கிடத்தப்பட்ட ஏழு பேரோட பேரும் தேதியும் எழுதலாம். 2018-ல பார்க்க வந்து செத்துப்போன ரெண்டு பேரையும் அதே பலகையில சேர்த்து எழுதணும், அதே அளவு எழுத்துல.

டிஸ்கி: அண்ணாவோட இறுதி ஊர்வலத்துக்கு ஒன்றரைக் கோடிப் பேர் வந்தாங்க, கின்னஸ்லயே இருக்குன்னு பின்னூட்டத்துல யாராவது வந்து சொல்வீங்க, தெரியும். 1971 கணக்கெடுப்புல மொத்தத் தமிழ்நாடே 4.12 கோடி. மூணுல ஒருத்தர், கைக்குழந்தை உட்பட, ரெண்டு நாள்ல மவுண்ட் ரோட்டுக்கு வந்துட்டாங்கன்னு சொல்றீங்களா? அண்ணா மேல எனக்கும் பிரியம்தான் அண்ணாச்சி, ஆனா அவரே இதைக் கேட்டா சிரிச்சிருப்பார்.